மதகில் விழுவதற்கு முன்பே

தம்பி,

அன்புள்ள என்று எழுதி அடித்துவிட்டேன். கோபம் தீர்ந்த பிறகு அதைச் சேர்த்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை மயிலாடுதுறையிலிருந்து திரும்பியதிலிருந்து உன் போனை நான் எடுக்கவில்லை. நீயும் பலமுறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா சாப்பிட்டியா" என்று வாட்ஸப்பில் கேட்டிருக்கிறாய். சாப்பிட்டேன். உன் அக்காவுக்கும் சோறு குழைத்து ஊட்டினேன். போனில் பேசினால் நீ பாதியில் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லியே என் வாயை அடைத்துவிடுவாய், சின்ன வயதிலிருந்தே உன் வழக்கம் அது. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படி.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ அதை இதற்குள் உனக்கு வசதியாக மாற்றி ஞாபகம் வைத்திருப்பாய். உன் அத்தை வீட்டில் தாம்பூலத் தட்டு மாற்ற உட்கார்ந்திருந்தோம். அத்தை மகள் நித்யாவுக்கும் உனக்கும் தை மாதம் கல்யாணம் என்று நாள் குறிக்கிற நேரம். தட்டைத் தூக்குவதற்கு முன் நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "ரெண்டு பேரும் அந்த ரத்தப் பரிசோதனையை எடுத்துடட்டும் அண்ணி, அப்புறம் நாள் குறிப்போம்." உன் அப்பாவின் அக்கா அவள், என்னைவிடவும் மூத்தவள், இன்றுவரை அண்ணி என்றுதான் கூப்பிடுகிறேன். அவள் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே, "மதகுல தவறி விழுந்த பொண்ணுக்கு ரத்தத்துல என்ன டெஸ்ட்டு? நல்ல நேரத்துல எதையாவது பேசிக்கிட்டு" என்றாள். அந்தப் பேச்சு எனக்குப் பழகிப்போனது. நான் உன்னைத்தான் பார்த்தேன். நீ காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "ஆமா அத்தை. அக்கா அன்னிக்கு மட்டும் விழாம இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. அம்மாதான் இதையே பேசிக்கிட்டு இருக்காங்க" என்றாய். சொல்லிவிட்டு ஒரு வாய் காபி குடித்தாய். பக்கத்து அறையில் சக்கர நாற்காலியில் உன் அக்கா மலர் இருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. அவளுக்குக் கால் வராது, கை சொன்னபடி கேட்காது, பேச்சு பாதிக்கு மேல் போய்விட்டது. காது மட்டும் நன்றாகக் கேட்கும். அது உனக்குத் தெரியும்.

உன் அத்தை சொன்னதற்கு எனக்கு இவ்வளவு கோபம் இல்லை. மலரின் ரத்தப் பரிசோதனை அறிக்கையை அவள் படித்ததில்லை. நீ படித்தவன். போன வருஷம் சென்னையில் அந்த மரபணு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாக எனக்குத் தமிழில் சொன்னவனே நீதான். "அம்மா, இது உன் தப்பே இல்லம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாய். அன்றைக்கு என் வயிற்றில் பால் வார்த்த அதே வாய்தான் ஞாயிற்றுக்கிழமை காபி குடித்த வாய். கம்பெனியில் எதை எடுத்தாலும் டேட்டா எங்கே என்று கேட்கிற ஆள் நீ. டேட்டா கையில் இருக்கும்போது உனக்கு எதற்கு மதகுக் கதை?

அந்த டாக்டர் அம்மா சொன்னதை மறுபடி இங்கே எழுதுகிறேன். மறந்துவிட்டேன் என்று நீ சொல்ல முடியாமல் இருக்கட்டும். மூளையிலிருந்து கை கால்களுக்குச் செய்தி கொண்டுபோகிற நரம்புகளின் மேல் கொழுப்பாலான ஓர் உறை இருக்கிறது. அந்த உறை நாள்பட உழைக்க வேண்டுமானால், அதிலுள்ள கொழுப்பு அமிலங்களில் ஒரு சின்ன மாற்றம் நடக்க வேண்டும். அந்த மாற்றத்தைச் செய்கிற நொதியை உண்டாக்குவது எஃப்ஏ2ஹெச் என்கிற மரபணு. ஒவ்வொருவருக்கும் அது இரண்டு பிரதி உண்டு, அம்மா வழியில் ஒன்று, அப்பா வழியில் ஒன்று. ஒன்று பழுதானால் தெரியவே தெரியாது, மற்றது பார்த்துக்கொள்ளும். இரண்டுமே பழுதானால் குழந்தை நன்றாகத்தான் பிறக்கும், நன்றாகத்தான் ஓடும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உறை கெடும். நீளமான நரம்புதான் முதலில் தடுமாறும் என்றார், அதனால்தான் கால். எனக்கு நம் ஊர் வாய்க்கால்தான் நினைவுக்கு வந்தது. வழியெல்லாம் கரை கசிந்தால் கடைமடை வயலுக்குத்தான் முதலில் தண்ணீர் போகாது.

அப்புறம் அவர் ஒரு கேள்வி கேட்டார், நினைவிருக்கிறதா? "விழுறதுக்கு முன்னாடி இவங்க நடை எப்படி இருந்துச்சு?" இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட என்னிடம் அதைக் கேட்டதில்லை. எல்லாரும் விழுந்த பிறகு என்ன ஆயிற்று என்றுதான் கேட்பார்கள். நான் யோசித்தேன். அவளுடைய பள்ளிக்கூடச் செருப்பு நினைவுக்கு வந்தது. முன்பக்கம் மட்டும் தேய்ந்து, குதிகால் புதிதாகவே இருக்கும். மலர் நுனிக்காலில் நடந்தாள். அதைப் பார்த்துவிட்டு, "என்னடி இது, நாட்டியக்காரி மாதிரி நடக்கிறா, பரதம் சேத்து விடு" என்று சிரித்தது வேறு யாருமில்லை, உன் அத்தைதான். மதகில் விழுவதற்குப் பல மாதம் முன்பு. நான் அதைச் சொன்னதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்பவே ஆரம்பிச்சிடுச்சும்மா. விழுந்ததால கால் போகலை, கால் போக ஆரம்பிச்சதாலதான் விழுந்தாங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்பதற்காக நான் அரை ஆயுள் காத்திருந்திருக்கிறேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

மதகில் அன்றைக்கு நடந்ததும் உனக்கு முழுக்கத் தெரியாது. தெரிந்திருந்தால் கொஞ்சம் கூசியிருப்பாய். ஆனி மாதம், அப்போது நாம் கிராமத்தில் இருந்தோம். முறை வைத்து விடுகிற தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வந்த நாள். தெருவே கரையில் நின்றது. ஆறு வயது மலர் என் கையைப் பிடித்துக்கொண்டு மதகுப் பலகையில் நின்றாள். என் இடுப்பில் நீ இருந்தாய், தம்பி. எட்டு மாதக் குழந்தை. தண்ணீர் நுரைத்துக்கொண்டு வருவதைப் பார்த்து நீ எம்பினாய், உன்னைச் சரிசெய்ய நான் லேசாகத் திரும்பினேன். அதே நேரம் அவள் கால்கள் கத்தரி மாதிரி பின்னிக்கொண்டன, கை வழுக்கியது, வாய்க்காலில் விழுந்தாள். இடுப்பளவுத் தண்ணீர்கூட இல்லை. யாரோ உடனே குதித்துத் தூக்கிவிட்டார்கள். முகவாயில் ஒரு சிராய்ப்பு, ராத்திரி காய்ச்சல். அவ்வளவுதான் காயம். நித்யாவை வயிற்றில் சுமந்துகொண்டு பிறந்த வீட்டுக்கு வந்திருந்த உன் அத்தை, கரையில் நின்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்: "பையன் பொறந்ததும் பொண்ணு மேல கண்ணு இல்லாம போச்சு இவளுக்கு."

அந்த ஒரு பேச்சு என்னை என்ன செய்தது என்று நீ யோசித்திருக்கிறாயா? அந்த வருஷமே மலரின் நடை மோசமானது. அடுத்த வருஷம் சுவரைப் பிடித்து நடந்தாள். அதற்கப்புறம் தவழ்ந்தாள். ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஊர் என்னைப் பார்த்தது. மதகுக்கரைக் கன்னிமார் சாமி குற்றம் என்று யாரோ சொல்ல, வருஷாவருஷம் முதல் தண்ணீர் வருகிற நாளில் அந்த மதகில் பொங்கல் வைத்து, விழுந்து கும்பிட்டு, பெண்ணைக் கவனிக்காமல் விட்டதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். கும்பகோணத்துக்குக் குடி வந்த பிறகும் பஸ் ஏறிப் போய்ச் செய்தேன். உன்னையும் கூட்டிக்கொண்டு போவேன். நீ சர்க்கரைப் பொங்கலை நன்றாகச் சாப்பிடுவாய். இதில் இன்னொரு கூத்து, நான் அறிவியல் டீச்சர். பத்தாம் வகுப்புக்கு நெட்டைப் பட்டாணி, குட்டைப் பட்டாணி என்று கட்டம் போட்டு வருஷாவருஷம் பாடம் நடத்தினவள். உறவுக்குள் கட்டிக்கொண்டால் மறைந்து கிடக்கிற பழுது வெளியே வரும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, ஆனி மாதம் மதகுக்குப் போய்ப் பொங்கல் வைத்தேன். நானும் உன் அப்பாவும் அத்தை மகன், மாமன் மகள். ஒரே தாத்தாவின் பேரப் பிள்ளைகள். கரும்பலகையில் போட்ட கட்டத்தை என் வீட்டுக்குள் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. நீதான் தப்பு செய்தாய் என்று ஒரு பெண்ணிடம் சொல்லிவிட்டால் போதும், அவள் வேறு காரணம் தேடவே மாட்டாள்.

உன் அப்பா என்னை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. எல்லாரும் சொல்வார்கள், தங்கமான மனுஷன் என்று. நானும் சொல்வேன். ஆனால் அவர் தன் அக்காவைப் பார்த்து, "போதும், அவளை விடு" என்றும் சொன்னதில்லை. பொங்கல், தீபாவளி, காதுகுத்து, எந்த விசேஷத்திலும் அந்த மதகுப் பேச்சு வந்துவிடும். வந்ததும் அவர் எழுந்து கை கழுவப் போய்விடுவார். வீட்டுக்கு வந்து, "விடு, அக்கா அப்படித்தான்" என்பார். அறிக்கை வருவதற்குள் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். கல்யாணம் ஆகப்போகிற பையனுக்கு அம்மா எழுதுகிற கடிதத்தில் புத்திமதி இருக்க வேண்டுமாம். என்னிடம் இருப்பது இந்த ஒன்றுதான்: உன் அப்பாவைப் போல நல்லவனாக இருந்துவிடாதே. யார் மனமும் நோகக்கூடாது என்று சபையில் வாயை மூடிக்கொண்டால், யாரோ ஒருத்தியின் மனம் மட்டும் முழுக்க நோகும். அது பெரும்பாலும் உன் வீட்டுக்காரியாக இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை நீ அவரையும் தாண்டிவிட்டாய். அவர் சும்மா இருந்தார். நீ ஆமாம் போட்டாய்.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று. முன்சீட்டில் உட்கார்ந்திருந்த நீ திரும்பிக்கூடப் பார்க்காமல், "என்னம்மா பண்ணச் சொல்ற? அத்தனை பேர் முன்னாடி நம்ம ரத்தத்துலயே கோளாறுன்னு சொல்லவா? நித்யாவ எனக்கு எவ்வளவு புடிக்கும்னு உனக்குத் தெரியாதா?" என்றாய். தெரியும். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டாம் என்று நான் ஒரு தடவையாவது சொன்னேனா? நீ கேட்ட முதல் கேள்விக்குப் பதில் இதோ. ஆமாம், சொல்லியிருக்க வேண்டும். நம் ரத்தத்தில் கோளாறு இருக்கிறது. என் ரத்தத்தில் இருக்கிறது என்று எழுத்தில் வந்தாயிற்று. உன் அப்பாவிடமும் இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மலருக்கு வந்திருக்காது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? உன் அத்தை பயப்படுகிறாள், அது எனக்குப் புரிகிறது. தன் பிறந்த வீட்டுக்குப் பரம்பரை வியாதி என்று பெயர் வந்தால் தன் மகளையும் அது தொடுமே என்கிற பயம். அதற்காக அவள் என் தலையில் ஏற்றிவைத்த பழியை இறக்க விடமாட்டேன் என்கிறாள். அந்தச் சுமைக்கு ஞாயிற்றுக்கிழமை நீயும் ஒரு கை கொடுத்துவிட்டு வந்தாய்.

வா, உனக்கும் அந்தக் கட்டத்தைப் போட்டுக் காட்டுகிறேன். நாலு கட்டம். ஒன்றில் இரண்டு பிரதியும் பழுது, அது மலர். உனக்கு அந்த நோய் இல்லை, அதனால் அந்தக் கட்டத்தை அடித்துவிடு. மிச்சம் மூன்று. அதில் இரண்டில் ஒரு பிரதி பழுது. ஆக, மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு, நீ அதைச் சுமந்துகொண்டிருக்கிறாய். நித்யா உன் அப்பாவின் கூடப்பிறந்தவள் பெற்ற பெண், அவளிடமும் இருக்கலாம். இருவரிடமும் இருந்தால், நீங்கள் பெறுகிற ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு. ஒருவரிடம் மட்டும் இருந்தால் குழந்தைக்கு அந்த நோய் வராது. இவ்வளவுதான் கணக்கு, என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் போட்டுவிடுவார்கள். இருவரிடமும் இருந்தாலும் கல்யாணத்தை நிறுத்த வேண்டியதில்லை என்று டாக்டர் உன் முன்னால்தானே சொன்னார். கர்ப்பத்திலேயே பார்க்க வழி இருக்கிறது, தத்து எடுக்கலாம், பிள்ளையே வேண்டாம் என்றும் இருக்கலாம். எதுவானாலும் இருவரும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். தெரிந்துகொள்ளவே மாட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டு தாலி கட்டினால், நாளைக்கு நித்யாவின் குழந்தை நுனிக்காலில் நடக்கும்போது ஊர் யாரைப் பார்க்கும் என்று நினைக்கிறாய்? உன்னையா? எந்தப் படியில் விழுந்தது, அப்போது அம்மாக்காரி எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள் என்றுதான் கேட்பார்கள். அவளுக்கென்று ஒரு மதகைக் கண்டுபிடிப்பார்கள்.

புதன்கிழமை நித்யா இங்கே வந்தாள். அது உனக்குத் தெரியாது. பேங்கில் அரை நாள் லீவு போட்டுவிட்டு, பஸ் பிடித்து, மழையில் நனைந்து வந்தாள். தலையைத் துவட்டச் சொல்லித் துண்டைக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "அந்த டெஸ்ட்டுக்கு எங்க போய் ரத்தம் குடுக்கணும்னு சொல்லுங்க அத்தை" என்றாள். உங்க அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். சின்ன வயசுலேர்ந்து மலர் அண்ணிய மதகுல விழுந்தவங்கன்னே நினைச்சுக்கிட்டு இருந்தேன். அன்னிக்கு நீங்க ரத்தம்னு சொன்னப்பதான் மொதமொத வேற மாதிரி கேக்குறேன். அவரு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே அத்தை" என்றாள். அந்தக் கடைசி வாக்கியத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நீ. உன்னிடம் இருக்கிறதா? அறிக்கையை எடுத்துக் காட்டினேன். நிதானமாகப் படித்தாள், புரியாத இடத்தில் கேட்டாள். பிறகு நாங்கள் இருவரும் ஆட்டோவில் லேப்புக்குப் போனோம். அவள் கையை நீட்டி ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். ஊசி குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள், அவளுக்கு ஊசி என்றால் பயமாம். "அவன் குடுக்க மாட்டேன்னா என்னம்மா பண்ணுவே?" என்று பஸ் ஸ்டாண்டில் கேட்டேன். "அப்பன்னா தாலி வேணாம் அத்தை. நீங்களே சொல்லிடுங்க. நான் போன் பண்ணா அழுதுடுவேன்" என்றாள். சொல்லிவிட்டேன்.

இதோடு நிறுத்தியிருப்பேன். என்னையும் நித்யாவையும் நீ எப்படியாவது சமாதானம் செய்துவிடுவாய், உனக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு. ஆனால் இன்னொருத்தி இருக்கிறாள். மதகில் விழுந்த அன்று ராத்திரி, காய்ச்சலில் படுத்திருந்த மலர், உன் அத்தை என்னைத் திட்டுவதைக் கேட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்து, "அம்மா விடல அத்தை. நான்தான் கைய விட்டுட்டேன்" என்றாள். ஆறு வயதுக் குழந்தை. என்னைக் காப்பாற்றச் சொன்னதை அவளே நம்பிவிட்டாள். கால் போனபோது, கை போனபோது, பேச்சு குழறியபோது, எல்லாம் தான் கையை விட்டதால் வந்தது என்று நினைத்துக்கொண்டு இத்தனை வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அறிக்கை வந்த பிறகு நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, விழுவதற்கு முன்பே கால் கெட ஆரம்பித்துவிட்டது, யாரும் யார் கையையும் விடவில்லை என்று மெதுவாகச் சொன்னேன். பிறகு வாயைக் கோணிக்கொண்டு, இழுத்து இழுத்து, "நா... விடல" என்றாள். அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பை நீ வீடியோ எடுத்து வைத்திருக்கிறாய். உன் போனில் தேடிப் பார்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவளைப் படுக்க வைக்கும்போது என் புடவையை இழுத்தாள். என்னடி என்றேன். "விட்... டேனா?" என்று கேட்டாள். இல்லடி கண்ணு, நீ விடல, டாக்டர் சொன்னாங்கல்ல என்றேன். திங்கட்கிழமை மறுபடி கேட்டாள். தினமும் கேட்கிறாள். நான் தினமும் சொல்கிறேன். நான் சொல்வது அவளுக்குப் போதவில்லை. நான் அம்மா, அவளுக்காகப் பொய்கூடச் சொல்வேன் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்குப் படித்துச் சொன்னவன் நீ, ஞாயிற்றுக்கிழமை மாற்றிச் சொன்னவனும் நீ. அதனால் என்னிடம் கேட்டுவிட்டு வாசலைப் பார்க்கிறாள்.

சனிக்கிழமை காலையில் லேப் திறந்திருக்கும். வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை, விசாரித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலைப் பிடித்து வா. மலரை வாசலுக்கு நேராக உட்கார வைத்திருப்பேன். உன்னைப் பார்த்ததும் கேட்பாள். பையைக் கீழே வைப்பதற்கு முன்னால் அவளுக்குப் பதில் சொல்லிவிடு.

அம்மா